அம்மாவுக்குப் போட்ட இலை

"இன்னாது? பெரிய பண்டிகைக்குச் சாம்பாரா?"

அரிசி புடைத்துக்கொண்டிருந்த பேபி, முறத்தை அப்படியே மடியில் இறக்கிவிட்டுக் கன்னியம்மாளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஆமா அண்ணி. இந்த ஒரு வருசம் மட்டும்."

"அடிப்பாவி! வருசம் பூரா எங்க ஊட்ல சாம்பாரும் கருவாடும்தான். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, தம்பி ஊட்ல வாய்க்கு ருசியா ஒரு துண்டு கறி கெடைக்கும்னு அம்பத்தூர்லேர்ந்து புள்ளைங்கள இழுத்துகினு ஓடியாறேன். அதுக்கும் வேட்டு வெச்சிட்டியா? பாலன் பொறந்த சேதி கேட்டு வந்தாங்களே இடையனுங்க, அவுங்க இன்னா பூசணிக்காயா தூக்கிகினு வந்தாங்க? ஆட்ட ஓட்டிகினுதானம்மே வந்தாங்க!"

கன்னியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேபி சிரிக்கவில்லை.

பேபி, கன்னியம்மாளின் புருஷன் அந்தோணிதாஸுக்கு உடன்பிறந்த ஒரே அக்கா. தாய் தகப்பன் கண்ணை மூடிய பிறகு, கிறிஸ்துமஸ் என்றால் ஆவடியில் இருக்கும் தம்பி வீடுதான் அவளுக்குத் தாய் வீடு. பண்டிகைக்கு ஒரு மாதம் இருக்கும்போதே ஒரு நடை வந்து, அதிரசத்துக்கு அரிசி புடைத்துக் கொடுத்து, கறிக்கடைக்காரனிடம் தொடைக்கறிக்குச் சொல்லிவிட்டுத்தான் ரயில் ஏறுவாள். அப்படிப்பட்டவளிடம் போய், இந்த வருஷம் வீட்டில் கறி இல்லை என்று சொன்னால் அவள் எப்படித் தாங்குவாள்?

"எங்க அம்மா வருது அண்ணி," என்றாள் கன்னியம்மாள் மெல்ல.

பேபியின் கை முறத்தின் விளிம்பில் நின்றது.

"உங்கம்மாவா? நெமிலிச்சேரியிலேர்ந்தா? இங்கியா?"

"ஆமா. மத்தியானம் சாப்பாட்டுக்கு."

பேபி முறத்தை எடுத்து மறுபடியும் புடைக்க ஆரம்பித்தாள். ஆனால் போகும்போது வாசலில் நின்று ஒரு வார்த்தை சொல்லாமல் போக அவளால் முடியவில்லை. "சாம்பார்ல முருங்கக்காயாவது போடு தாயே. கடிச்சி இழுக்கறதுக்கு எலும்பு மாதிரி எதனா ஒண்ணு வேணும்!"

*

கன்னியம்மாள் பிறந்தது நெமிலிச்சேரியில். ஆவடியிலிருந்து சைக்கிளை மிதித்தால் வேர்வை ஆறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் அந்தத் தூரத்தைக் கடக்க அவளுக்கும் அவளைப் பெற்றவளுக்கும் எத்தனையோ வருஷமாக முடியவில்லை.

அப்பன் சின்ன வயதிலேயே போய்விட்டான். அம்மா கெங்கம்மாள் ஊரார் நிலத்தில் நாற்று நட்டு, களை பறித்து, கன்னியம்மாளையும் தம்பி வேம்புலியையும் வளர்த்தாள். ஆவடியில் டாங்கி பேக்டரி வந்தது. பேக்டரி ஆட்களுக்குக் குவார்ட்டர்ஸ் கட்ட ஆரம்பித்தார்கள். சேற்றில் குனிந்த பெண்களெல்லாம் சாரத்தில் ஏறினார்கள். கெங்கம்மாள் செங்கல் சுமந்தாள். பின்னால் பாண்டு நிறையக் கலவையோடு மகள் ஏறினாள்.

அங்கேதான் அந்தோணிதாஸ் வந்தான். அப்போது அவன் குவார்ட்டர்ஸுக்கு ஒயர் இழுக்கும் கையாள். அதே சாதி, அதே மாதிரி கூலிக்காரக் குடும்பம். சாமி மட்டும்தான் வேறே. அந்த ஒரு வேற்றுமையைப் பிடித்துக்கொண்டு ஊரே எழுந்து நின்றது. எல்லோருக்கும் முன்னால் நின்றவர் பெரியப்பா துலுக்கானம். தன் மைத்துனன் மகனுக்கு என்று அவர் பேசி வைத்திருந்த பெண் அவள். அவருக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது.

கன்னியம்மாள் கோயிலில் ஞானஸ்நானம் வாங்கி, கிரேஸ் என்று பெயர் எழுதிக்கொண்டு, அந்தோணிதாஸுக்குக் கழுத்தை நீட்டினாள். அந்தப் பெயர் சொல்லி அவளைக் கூப்பிடுகிறவர் சாமியார் ஒருவர்தான். மற்ற எல்லோருக்கும் அவள் கன்னியம்மாள்தான், கன்னிமாதான்.

அன்றைக்கு நெமிலிச்சேரித் தெருவில் பஞ்சாயத்துக் கூடியது. "வேதத்துக்குப் போனவ இனி இந்த மண்ண மிதிக்கக் கூடாது. இங்கேருந்து எவளும் அவ ஊட்டு வாசப்படிய மிதிக்கக் கூடாது. மிதிச்சா, நல்லதுக்கும் இல்ல, கெட்டதுக்கும் இல்ல" என்றார் துலுக்கானம். அப்போதுதான் கெங்கம்மாள் கூட்டத்துக்கு நடுவே வந்து நின்று, அவிழ்ந்த கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு சொன்னாள்:

"திருத்தணி மலைமேல சத்தியம். என் பொண்ணு ஊட்ல நான் ஒக்காந்து கை நனைக்கிற வரைக்கும் இந்த வாயில கவிச்சி படாது!"

கோபத்தில் ஏதோ கத்துகிறாள் என்று ஊர் நினைத்தது. இனிமேல் மகள் வீட்டை நினைக்கவே மாட்டாள் என்று துலுக்கானம் அர்த்தம் பண்ணிக்கொண்டார். யார் மூலமாகவோ அந்தச் சேதி கன்னியம்மாள் காதுக்கு வந்தபோது, அவள் ஒருத்திக்கு மட்டும்தான் அதன் உண்மை புரிந்தது. அம்மா வருவேன் என்று சொல்லியிருக்கிறாள். கருவாட்டு வாசனை இல்லாமல் ஒரு வாய்க் கஞ்சி இறங்காத அம்மா, வந்தே தீருவேன் என்று சொல்லியிருக்கிறாள்.

ஆனால் வேம்புலி சின்னப் பையன். ஊரை விட்டால் அவர்களுக்கு வேறு நாதி இல்லை. வருஷங்கள் போய்க்கொண்டே இருந்தன.

ஒரே ஒரு தடவை பார்த்துக்கொண்டார்கள். ஆவடி ஸ்டேஷனில். இந்தப் பிளாட்பாரத்தில் கைக்குழந்தை ரோஸியோடு கன்னியம்மாள். எதிர்ப் பிளாட்பாரத்தில் கீரைக்கட்டுக் கூடையோடு அம்மா. பக்கத்தில் ஊர்ப் பெண்கள். வாய் திறக்க வழியில்லை. கன்னியம்மாள் குழந்தையை இரண்டு கையாலும் உயரத் தூக்கிக் காட்டினாள். கெங்கம்மாள் கூடையைக் கீழே வைத்தாள். இரண்டு கையையும் நீட்டிக் காற்றிலேயே குழந்தையின் முகத்தை வழித்து, நெற்றிப்பொட்டில் வைத்து, பத்து விரலும் சொடுக்கச் சொடுக்க நெட்டி முறித்தாள். அந்தச் சத்தம் காதில் விழுவதற்குள் ரயில் குறுக்கே வந்துவிட்டது. ரயில் போனபோது எதிர்ப் பிளாட்பாரம் காலியாக இருந்தது.

*

எழுபத்து மூன்றாம் வருஷம் கார்த்திகையில்தான் அந்தச் சேதி வந்தது. வேம்புலிக்கு ரயில்வேயில் கேங் வேலை கிடைத்திருந்தது. இனி ஊராரின் தயவில் அவன் அடுப்பு எரியவேண்டியதில்லை. பேக்டரி கேட்டில் காத்திருந்து, வெளியே வந்த அந்தோணிதாஸைப் பிடித்து அவன் சொன்னானாம்: "மாமா, பெரிப்பா இன்னா குதி குதிச்சாலும் சரி. உங்க பண்டிகைக்கு அம்மாவ நான் கூட்டிகினு வரேன். அக்காகிட்ட சொல்லிடு."

அன்றைக்கு ஆரம்பித்தது கன்னியம்மாளின் கிறிஸ்துமஸ்.

குடிலுக்கு வைக்கப் பச்சை வேண்டும் என்று கொட்டாங்குச்சிகளில் மண் நிரப்பிக் கேழ்வரகு தூவினாள். சுவரில் ஒழுகிய கறையைச் சுரண்டினாள். தரையைப் பெயர்த்து மெழுகினாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் பாட்டுக்கு எதையாவது முனகிக்கொண்டே வேலை செய்தாள். அம்மாவுக்கு எந்தப் பக்கம் உட்காரப் பிடிக்கும்? காற்று வரும் பக்கமா, அடுப்படியைப் பார்த்த பக்கமா? சாரத்தில் ஏறி இறங்கி முட்டி தேய்ந்தவளாயிற்றே, தரையில் உட்கார முடியுமோ முடியாதோ என்று பக்கத்து வீட்டில் ஒரு பலகை கேட்டு வைத்தாள்.

நட்சத்திரம்தான் அவளுக்குப் பெரிய கவலை. அந்தத் தெருவில் வேதக்காரர் வீடு நாலைந்து உண்டு. எல்லா வீட்டிலும் நட்சத்திரம் தொங்கும். படிக்கத் தெரியாத அம்மாவுக்கு எந்த வீடு என்று எப்படித் தெரியும்? எல்லோரும் சிவப்பும் பச்சையும் ஒட்டும்போது, கன்னியம்மாள் மூங்கில் பத்தைகளைச் சேர்த்துக் கட்டி, மஞ்சள் காகிதம் மட்டுமே ஒட்டினாள். மறுநாள் புருஷனிடம் சொல்லி அனுப்பினாள்: "வேம்புலியப் பாத்தா சொல்லு. மஞ்ச நட்சத்திரம் தொங்குற ஊடுன்னு சொல்லு. அம்மா தம்பிக்கு முன்னாடி ஓடியாந்தாலும் வழி தெரியணும்."

அந்தோணிதாஸும் சொல்லிவிட்டு வந்தான். ஆனால் கறி விஷயத்தில் அவனுக்கும் அக்காவைப் போலத்தான் மனத்தாங்கல்.

"உங்கம்மாவுக்கு மட்டும் தனியா ஆக்கேன். எங்க அக்கா புள்ளைங்க இன்னா பாவம் பண்ணுச்சி?"

"ஒரே அடுப்புல கவிச்சி வேகும்போது எங்கம்மா எப்பிடி சாப்புடும்? எத்தினி வருச நேர்த்திக்கடன் அது? மொத கை இங்க நனைக்கட்டும். அப்புறம் திருத்தணிக்குப் போயி கற்பூரம் ஏத்திட்டு வரட்டும். நானே நாட்டுக்கோழி அடிச்சிப் போடறேன்."

"ஆத்தா வராங்கன்னு பண்டிகையவே மாத்தறவள உன்னத்தான் பாக்கறேன்."

அவன் இரண்டு நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கன்னியம்மாள் மாதா படத்துக்கு முன்னால் முட்டிபோட்டு, அவர் மனசை நீதான் மாற்ற வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

அவள் வேண்டுதல் பலித்துவிட்டது போலத்தான் இருந்தது. டிசம்பர் பிறந்து சில நாள் ஆகியிருக்கும். ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்த அந்தோணிதாஸ் நேரே உள்ளே வராமல் கிணற்றடியில் போய் நின்றான். கன்னியம்மாள் நடையை மெழுகிக்கொண்டிருந்தாள். வழக்கம்போல ஏதோ முனகிக்கொண்டிருந்தாள்.

"இன்னாயா அங்கியே நின்னுட்ட? கால் பதியுமேன்னா? ஓரமா வா."

அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "பசிக்கல" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் அவனே கடைக்குப் போய்ப் புது மண்பானை ஒன்று வாங்கிவந்து அவள் முன்னால் வைத்தான்.

"இதுல ஆக்கு. கவிச்சி படாத பானை. உங்கம்மாவுக்குப் புடிச்ச மாதிரியே எல்லாம் செய்யி."

"அண்ணி?"

"அக்காகிட்ட நான் பேசிக்கறேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவனே சுண்ணாம்பு கரைத்து வீடு முழுவதும் வெள்ளையடித்தான். அவளை ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்க விடவில்லை. ராத்திரி அவள் களைத்துத் தூங்கும்போது அவள் தலையை அவன் தடவிக்கொடுத்தது போலக்கூட இருந்தது. என் புருஷனைப் போல உண்டா என்று கன்னியம்மாள் பூரித்துப் போனாள். பாவி மகள், பூரித்துப் போனாள்!

*

பண்டிகைக்கு மூன்று நாள் முன்னால் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறியது. முறுக்கு, அதிரசம், ரோஸிக்குப் பிடித்த அச்சு முறுக்கு. முதல் ஈடு அதிரசத்தை யாருக்கும் கொடுக்காமல் தனியாகத் தூக்குச்சட்டியில் எடுத்து வைத்தாள். ஓரம் முறுகாமல் நடு மெத்தென்று இருக்கவேண்டும் அம்மாவுக்கு. பல்லெல்லாம் இப்போது எப்படி இருக்கிறதோ.

பண்டிகையும் விடிந்தது. பூசை கண்டுவிட்டு வந்து, நீலப் புடவை கட்டிக்கொண்டு, தலை நிறையக் கதம்பம் வைத்துக்கொண்டு, வாசலில் மாக்கோலம் போட்டாள். பேபி குடும்பம் அம்பத்தூரிலிருந்து வந்து இறங்கியது.

"வாசனையே இல்லியே, ஊடு மாறி வந்துட்டமா?" என்று கேட்டுக்கொண்டே நுழைந்தாள் பேபி. பிறகு பளீரென்ற சுவரையும், முளைவிட்டுப் பச்சைக் கம்பளமாய் நின்ற கேழ்வரகையும், மூலையில் வைத்த பலகையையும் பார்த்தாள். "அடேங்கப்பா! நாங்களும்தான் வருசா வருசம் வரோம். எங்களுக்கு எப்பயாச்சும் பலக போட்டுக்கீறியா?" என்றவள், புடவையை வரிந்து கட்டிக்கொண்டு அப்பளம் பொரிக்கப் போய்விட்டாள். வாய்தான் அவளுக்கு அப்படி.

அந்தோணிதாஸ் மட்டும் காலையிலிருந்து ஒரு இடத்தில் உட்காரவில்லை. கிணற்றடிக்கும் வாசலுக்குமாக நடந்தான். "அவங்க வர்றதுக்கு லேட்டாவும். புள்ளைங்களுக்குப் போட்டுடு" என்றான். "கை வேலையா எதனா இருக்கும், வராமக்கூடப் போலாம்" என்றான்.

"வாய கழுவுயா," என்றாள் கன்னியம்மாள்.

எல்லோருக்கும் இலை போட்டாள். பலகைக்கு முன்னால் தலைவாழை இலை ஒன்றைப் போட்டு, தண்ணீர் தெளித்து, ஓரத்தில் உப்பும் ஊறுகாயும் வைத்தாள். அப்போது வாசலில் குரல் கேட்டது.

"யக்கா."

கையில் இருந்த கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். மஞ்சள் நட்சத்திரத்துக்குக் கீழே வேம்புலி நின்றிருந்தான். எவ்வளவு உயரமாகிவிட்டான்! தலையில் துண்டை முண்டாசாகக் கட்டியிருந்தான். கையில் ஒரு துணிப்பை. ஆனால் கன்னியம்மாளின் கண் அவன்மேல் நிற்கவில்லை. அவனைத் தாண்டி, தெருமுனை வரைக்கும் ஓடியது.

"வா தம்பி, வா. அம்மா எங்க? மெல்லமா வருதா? முட்டி வலியோட நடக்க வுட்டியா? ஒரு ரிக்ஷா வெச்சிகினு வரக்கூடாது?"

வேம்புலி வாசலைத் தாண்டவில்லை. நட்சத்திரத்தைப் பார்த்தான். மாக்கோலத்தைப் பார்த்தான். அதிரசத்தைக் கடித்துக்கொண்டு அம்மாவின் புடவையைப் பிடித்து நின்ற ரோஸியைப் பார்த்தான்.

"நல்லாக்கீதுக்கா. ரொம்ப நல்லாக்கீது. எண்ணெய்ச் சட்டி வெச்சி, கோலம் போட்டு, தல நெறைய பூ வெச்சிகினு... பெரிப்பா சொல்லசொல்ல நான்தான் நம்பல. வேதத்துக்குப் போனவளுக்கு ஆத்தாளும் இல்ல அப்பனும் இல்லன்னாரு. அவர்கிட்ட உனக்காவ நான் சண்ட போட்டேன்!"

"இன்னாடா ஒளர்ற? அம்மா எங்கடா?"

"பதினாறாம் நாளு காரியம் முடிஞ்ச ஈரம்கூடக் காயலக்கா. எனக்கு மட்டும்தான் அவ அம்மாவா?"

கன்னியம்மாளின் முகத்தில் இருந்த சிரிப்பு இன்னும் இறங்கவில்லை. எங்கே போவது என்று தெரியாமல் அது அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தது. வேம்புலியின் முண்டாசு அவிழ்ந்து தோளில் விழுந்தது. மழித்த தலை வெயிலில் பளபளத்தது.

அவள் அந்தத் தலையைத் தொடப் போவது போல ஒரு கையை மட்டும் தூக்கினாள். அது பாதியிலேயே நின்றது.

அக்காவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் வேம்புலிக்கு விளங்கியது. அவன் கண் மெல்ல அவளை விட்டு, அவளுக்குப் பின்னால் கதவோரம் நின்ற அந்தோணிதாஸின்மேல் போய் விழுந்தது.

"மாமா... நீ சொல்லலியா?"

அந்தோணிதாஸ் சுவரில் சாய்ந்தான்.

"எடுத்த மறுநாளே கேட்டுல வந்து சொன்னனே மாமா. மூணு நாள் காய்ச்சல்ல போயிட்சி, அக்காகிட்ட நீயே பக்குவமா சொல்லுன்னு அழுதுட்டுப் போனனே!"

"சொல்லத்தான் வந்தேன்டா," என்றான் அந்தோணிதாஸ். குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "வந்தேன். இவ நடைய மெழுவிகினு பாடிகினு இருந்தா. உங்கம்மா வந்து ஒக்காரப்போற எடம்னு... எப்பிடிடா சொல்றது? எப்பிடியும் பொணத்த எடுத்தாச்சி. பண்டிகை போவட்டும், ஒரு நாலு நாளு இவ சந்தோசமா இருக்கட்டும்னு..."

கன்னியம்மாள் திரும்பினாள். புருஷனைப் பார்க்கவில்லை. அடுப்படியில், சோறு நிறைந்திருந்த அந்தப் புது மண்பானையைப் பார்த்தாள். எந்த நாளிலிருந்து என்று அவள் கேட்கவேண்டியதில்லை. அந்தப் பானை சொல்லிவிட்டது. அவன் அடித்த வெள்ளை சொன்னது. தூக்கத்தில் தலையைத் தடவிய கை சொன்னது.

அப்போதுதான் அவள் வாயிலிருந்து அந்த அலறல் வந்தது.

"ஐயோ, எண்ணெய்ச் சட்டி வெச்சனே! எங்கம்மா மண்ணுல கெடக்கறப்போ நான் எண்ணெய்ச் சட்டி வெச்சி அதிரசம் சுட்டனே! எந்த ஊட்ல, எந்தப் பொண்ணு இப்பிடிப் பண்ணுவா?"

எழவு விழுந்தால் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் அவர்கள் ஜனத்தில் அது எழுதாத சட்டம். அக்கம்பக்கத்தார்தான் பலகாரம் கொண்டுவந்து தருவார்கள். ஞானஸ்நானத்துத் தண்ணீர் அவள் பெயரை மாற்றியிருக்கலாம், அதை மாற்றவில்லை. தலையிலிருந்த கதம்பத்தைப் பிய்த்து எறிந்தாள். கோலத்தின்மேலேயே விழுந்து புரண்டாள். நீலப் புடவை முழுவதும் மாவாகிவிட்டது.

"எடுக்கறதுக்கு முன்னாடி வந்து சொல்லியிருக்கக் கூடாதாடா? ஒரு வாய்க்கரிசி போட்டிருப்பனேடா, பாவி!"

வேம்புலி அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துவிட்டான். "கெளம்பனேன்கா. துணி மாட்டிகினு கெளம்பனேன். பெரிப்பா வழி மறிச்சிகினாரு. வேதக்காரி வந்து தொட்டா எவனும் பாடையத் தொட மாட்டான்னாரு. எல்லாரும் தள்ளி நின்னுகினாங்க. நாலு பேரு வேணுமேக்கா! நான் ஒருத்தன் எப்பிடித் தூக்குவேன்?"

அக்காளும் தம்பியும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். தெருவில் நடமாட்டம் நின்றது. உள்ளே போட்ட இலைகளுக்கு முன்னால் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

வேம்புலி துணிப்பையைத் திறந்தான். ஒரு சீசா நல்லெண்ணெய். ஒரு பொட்டலம் சீயக்காய். எழவு கேட்ட பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து வரவேண்டிய வரிசை அது. அதைத் தேய்த்துத் தலைமுழுகினால்தான் அவள் துக்கம் கழியும்.

"இதத்தான்கா எடுத்துகினு வந்தேன். பொறந்த ஊட்டுலேர்ந்து உனக்குப் போவணுமில்ல. பெரிப்பாவுக்குத் தெரியாது." பிறகு இடுப்பிலிருந்து ஒரு சிவப்பு ரிப்பன் சுருளை எடுத்தான். "இது அம்மா வாங்கி வெச்சிது. பாப்பாவுக்கு. தலைமாட்டுல இருந்திச்சி. காய்ச்சல்லயும் ஒரே பேச்சுதான், மஞ்ச நட்சத்திரம் வெச்ச ஊடு, மஞ்ச நட்சத்திரம் வெச்ச ஊடுன்னு. இன்னிக்கு நானும் அத்தப் பாத்துதான் வந்து நின்னேன்."

பேபி அதுவரை கதவருகே கல்லாய் நின்றவள், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். எண்ணெய்ச் சீசாவைக் குனிந்து எடுத்தாள்.

"எந்திரிடி கன்னிமா."

"அக்கா, சாமியாருக்குத் தெரிஞ்சா..." என்று இழுத்தான் அந்தோணிதாஸ்.

"வாய மூட்றா!" பேபி திரும்பிய வேகத்தில் அவன் ஓரடி பின்வாங்கினான். "பெத்தவ செத்தத மறைச்சவன் எனக்கு வேதம் சொல்ல வந்துட்டான். சாமியாருக்கும் ஒரு ஆத்தா இருந்திருப்பா, அவருக்குப் புரியும். போயி தண்ணி சேந்துடா!"

கிணற்றடியில் பலகையைப் போட்டாள். அம்மாவுக்கென்று பக்கத்து வீட்டில் கேட்டு வைத்த அதே பலகை. அதில் கன்னியம்மாளை உட்காரவைத்து, உச்சியில் எண்ணெய் வைத்து, சீயக்காயைப் பரபரவென்று தேய்த்தாள். அந்தோணிதாஸ் சேந்திச் சேந்திக் கொடுக்க, பேபி குடம் குடமாய் ஊற்றினாள். எண்ணெயும் சீயக்காயும் புடவையின் நீலமும் கலந்து கால்வாயில் ஓடியது. கன்னியம்மாள் கண்ணை மூடவில்லை. சீயக்காயின் எரிச்சலைவிடப் பெரிய எரிச்சல் அவளுக்கு உள்ளே இருந்தது.

"அழுதுடும்மா, அழுதுடு," என்று ஒவ்வொரு குடத்துக்கும் சொன்னாள் பேபி. கறி இல்லாத பண்டிகை என்று கேலி பேசிய வாய் அது. "நான்கூட உன்ன நக்கலு பண்ணனேடி. என் வாயில மண்ணப் போட."

*

ஈரத் தலையோடு உள்ளே வந்த கன்னியம்மாள், சுவரோரம் போட்டிருந்த தலைவாழை இலையைப் பார்த்தாள். தெளித்த தண்ணீர் காய்ந்து போயிருந்தது. உப்பு கசிந்திருந்தது. அதை எடுத்துவிடலாம் என்று பேபி குனிந்தாள். கன்னியம்மாள் தடுத்தாள்.

"வேம்புலி, நீ ஒக்காரு."

"நானாக்கா? அது அம்மாவுக்குப் போட்டது."

"ஒக்காருடா."

அவன் உட்கார்ந்தான். அவள் புதுப் பானையிலிருந்து சோற்றை அள்ளிப் போட்டாள். அம்மாவுக்காகச் செய்த முருங்கைக்காய்ச் சாம்பாரை ஊற்றினாள். பூசணிக்காய்க் கூட்டு வைத்தாள். கை பழக்கத்தில் தூக்குச்சட்டியைத் திறந்து அந்த முதல் ஈடு அதிரசத்தை எடுத்தாள்.

"அது வேணாங்கா," என்றான் தம்பி தலையைக் குனிந்துகொண்டு. "வருசம் திரும்பற வரைக்கும்..."

அதிரசம் மறுபடியும் தூக்குச்சட்டிக்குள் போனது.

வேம்புலி சோற்றைப் பிசைந்தான். முதல் கவளத்தைத் தூக்கியவனுக்கு வாய் திறக்கவில்லை. அக்கா எதிரில் உட்கார்ந்து அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் கை போலவே முட்டி பெருத்த கை. ஆனால் அம்மாவின் கை இல்லை. கடைசியில் அவன் விழுங்கினான். கண்ணீரும் சோறுமாக, இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டு முடித்தான். அந்த வீட்டில் அவளுடைய தாய் வீட்டார் கை நனைத்தது அதுதான் முதல் தடவை.

சாப்பாடு எத்தனை பேருக்கு இறங்கியது, யார் யாருக்கு ஆறுதல் சொன்னார்கள் என்பதெல்லாம் கன்னியம்மாளுக்கு நினைவில்லை. பொழுது சாயும்போது வேம்புலி புறப்பட்டான். பேபி பலகாரம் முழுவதையும் ஒரு கூடையில் அள்ளிப்போட்டு, "இத எதுத்தாப்புல குடுத்துட்டுப் போறேன், உன் கண்ணுல படவேணாம்" என்று எடுத்துக்கொண்டு போனாள். ரோஸி, சிவப்பு ரிப்பன் கட்டிய தலையோடு, "ஆயா எப்போம்மா வரும்?" என்று கேட்டுவிட்டுத் தூங்கிப் போனாள்.

தெருவில் மற்ற வீட்டு நட்சத்திரங்களில் சிவப்பும் பச்சையுமாக விளக்கு ஏறியது. அந்தோணிதாஸ் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து வாசலில் போட்டான். துக்க வீடாயிற்றே, நட்சத்திரம் எதற்கு என்று கயிற்றின் முடிச்சில் கை வைத்தான்.

"அவுக்காத."

மத்தியானத்திலிருந்து அவள் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அது. அவன் ஸ்டூலின்மேலேயே நின்றான்.

"வெளக்கப் போடு," என்றாள் கன்னியம்மாள், தெருமுனையைப் பார்த்தபடி. "அம்மாவுக்கு வழி தெரியத்தான கட்டனேன்."

மஞ்சள் வெளிச்சம் கலைந்த கோலத்தின்மேல் விழுந்தது. அவன் இறங்கிவந்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் ஈரக் கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு எழுந்து உள்ளே போனாள். அதற்குப் பிறகு அவனிடம் அவள் பேச வெகு நாள் ஆயிற்று.